விளக்குமாறு என்ன பாவம் செய்தது?



ஒரு சொல்லுக்காக வழக்காட வந்திருக்கிறேன். அச்சொல் 'விளக்குமாறு'. தலைப்பைக் கண்டு சிலருக்குச் சிரிப்பு வரலாம். சிலருக்கு முகம் சுளிக்கலாம். அந்தச் சிரிப்பையும் சுளிப்பையும் பற்றித்தான் இக்கட்டுரை.

தொடக்கநிலை நான்கில் பயிலும் மாணவி ஒருத்தி தன் கட்டுரையில், "பாட்டி விளக்குமாற்றால் வாசலைக் கூட்டினார்" என்று எழுதியிருந்தாள். வாக்கியத்தில் பிழையேதும் இல்லை. 'ஆல்' உருபு சேரும்போது றகரம் இரட்டும் என்பதையும் அறிந்து எழுதியிருக்கிறாள். உயர்நிலை மாணவர்களே 'விளக்குமாறால்' என்று எழுதும் காலம் இது! ஆயினும் அச்சொல்லின்மேல் சிவப்புச் சுழி விழுந்தது. மேலே 'துடைப்பம்' என்று திருத்தம். ஓரத்தில் 'கொச்சைச் சொற்களைத் தவிர்க்கவும்' என்று அறிவுரை.

திருத்திய ஒருவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. நம்முள் பலருடைய எண்ணமும் அதுவே. "அது திட்டுகிற சொல் ஆயிற்றே ஐயா, அதைப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாமா?" என்று ஆசிரியர் அறைகளிலும் பெற்றோர் சந்திப்புகளிலும் கேட்கிறார்கள்.

என் விடை இதுதான். விளக்குமாறு கொச்சைச் சொல்லன்று. பிழையான சொல்லன்று. பிறப்பால் வசைச்சொல்லும் அன்று. வசையாக்கியது நம் வாய். வாயைத் திருத்தாமல் பிள்ளையின் ஏட்டைத் திருத்துவது எந்த ஊர் நீதி?

சொல்லின் குலம் கோத்திரம்

விளக்குமாறு என்பது விளக்கு, மாறு என்னும் இரு சொற்களால் ஆனது.

விளக்குதல் என்றால் தூய்மை செய்தல், ஒளிபெறச் செய்தல், தெளிவாக்குதல். பல் விளக்குகிறோம், பாத்திரம் விளக்குகிறோம், பாடத்தின் பொருளை விளக்குகிறோம். இருளை நீக்குவதும் விளக்கு. அழுக்கை நீக்கினாலும், இருளை நீக்கினாலும், அறியாமையை நீக்கினாலும் தமிழுக்கு வேர் ஒன்றே. வகுப்பில் ஆசிரியர் செய்கிற வேலைக்கும் வாசலில் பாட்டி செய்கிற வேலைக்கும் ஒரே வினைச்சொல்லை வைத்திருக்கிறது நம் மொழி. ஆசிரியர்களாகிய நாம் இதற்குப் பெருமைப்பட வேண்டாவா?

மாறு என்பது மிலாறு. அதாவது இலை உதிர்ந்த குச்சி. பருத்தி எடுத்த பின் காட்டில் நிற்கும் காய்ந்த செடியைப் 'பருத்திமாறு' என்பார்கள், பேச்சில் 'பருத்திமார்'. அடுப்பெரிக்க அதைக் கட்டாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். அதுபோல், தூய்மை செய்வதற்காகக் கட்டிய குச்சிக் கட்டு விளக்குமாறு. இவ்வளவு தெளிவாகத் தன் தொழிலையும் தன் உடம்பையும் ஒருங்கே சொல்லும் பெயர் நம் வீட்டில் வேறு எந்தப் பொருளுக்கு இருக்கிறது?

இன்னொன்றும் உண்டு. அலுவலகக் கடிதங்களில் "காரணத்தை விளக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதுகிறோம். இங்கே 'விளக்குமாறு' என்பது வினையெச்சம். விளக்க வேண்டும் என்று பொருள். வகுப்பில் இவ்வாக்கியத்தைப் படிக்கும்போது பின்வரிசைப் பிள்ளைகள் கிசுகிசுத்துச் சிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பதினைந்தாம் நூற்றாண்டிலேயே இந்த இருபொருளைக் கொண்டு விளையாடியவர் கவி காளமேகம். 'செருப்பு' என்று தொடங்கி 'விளக்குமாறு' என்று முடியும்படி முருகன்மேல் ஒரு பாட்டுப் பாட முடியுமா என்று அவரை மடக்கப் பார்த்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர் செருப்பைச் 'செரு', 'புக்கு' என்று பிரித்தார்; போர்க்களத்துள் புகுந்து என்று பொருளாயிற்று. விளக்குமாற்றை விளக்கிச் சொல்லும் வகை என்னும் பொருளில் அமைத்தார். கேட்டவர்கள் வாயடைத்தார்கள்.

முருகன் பாட்டிலே இடம்பெற்ற சொல் நான்காம் வகுப்புக் கட்டுரையில் இடம்பெறக் கூடாதாம்!

துடைப்பத்தின் மேல் எனக்குப் பகை இல்லை

துடைப்பமும் நல்ல தமிழ்ச்சொல்லே. துடை என்னும் வினையிலிருந்து பிறந்தது. பாடநூல்களில் பொதுச்சொல்லாக அது நிலைபெற்றுவிட்டது. நிலைபெறட்டும். ஆனால் அது ஒன்றே சரி, மற்றவை பிழை என்னும் போக்கைத்தான் மறுக்கிறேன்.

சிங்கப்பூர் வகுப்பறையில் இந்த 'ஒன்றே சரி' என்னும் கொள்கை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். நம் பிள்ளைகளுக்குத் 'துடை' என்றால் மேசையைத் துணியால் துடைப்பதுதான் தெரியும். ஆகவே 'துடைப்பம்' என்ற சொல்லைக் கேட்டதும், தண்ணீரில் நனைத்துத் தரை துடைக்கும் 'மாப்' பக்கம் கை நீட்டுகிறார்கள். பிள்ளையின் அறிவு அங்கே சரியாகத்தான் வேலை செய்கிறது! துடைப்பது துடைப்பம் என்று எண்ணுவதில் என்ன தவறு? கூட்டுவதற்குரிய கருவி விளக்குமாறு, வாரியல் என்றும், ஈரத்துணி கட்டியது துடைப்பான் என்றும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்திருந்தால் குழப்பமே வந்திராது. சொற்களைக் குறைத்தால் கற்பது எளிதாகும் என்று நினைத்தோம். குறைத்ததால்தான் குழப்பம் வந்தது.

வினைகளையும் இழந்துகொண்டிருக்கிறோம். வீட்டைக் கூட்டலாம், பெருக்கலாம், குப்பையை வாரலாம், தரையைத் துடைக்கலாம், மெழுகலாம், கழுவலாம், பாத்திரத்தைத் தேய்க்கலாம், விளக்கலாம், துணியை அலசலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு செயல். இவை அனைத்துக்கும் நம் பிள்ளைகளிடம் இருப்பது ஒரே தொடர்: 'கிளீன் பண்ணு'. 'கூட்டு' என்றால் கணக்கில் கூட்டுவது, 'பெருக்கு' என்றால் கணக்கில் பெருக்குவது என்று சொல்லி ஒரு சிரிப்பு மூட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கணக்கை ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்குக் கூட்டலும் தெரியாது, பெருக்கலும் தெரியாது.

ஊருக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர்

நெல்லையிலும் குமரியிலும் இதனை வாரியல் என்பார்கள். வாருவது வாரியல். கொங்கு நாட்டில் சீமாறு. தென்னை ஈர்க்கால் கட்டியது ஈர்க்குமாறு. சில குடும்பங்களில் கூட்டுமாறு. இலங்கைத் தமிழர் தேங்காய்த் தும்பால் செய்து நீண்ட தடியில் பொருத்தியதைத் தும்புத்தடி என்பார்கள். நிலத்துக்கேற்ற பொருள், பொருளுக்கேற்ற கட்டு, கட்டுக்கேற்ற பெயர். தென்னை ஈர்க்கு விறைப்பானது. ஈர மண்ணையும் சருகையும் தள்ளும். ஆகவே அது வாசலுக்கு. மென்மையான புல்லால் கட்டிய பூந்துடைப்பம் தூசைத் திரட்டும். ஆகவே அது வீட்டுக்குள். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து, ஒரே படத்தைக் காட்டி முடித்துக்கொள்கிறது நம் பட அட்டை. அந்தப் படத்திலும் பெரும்பாலும் நெகிழித் துடைப்பம்தான்!

சிங்கப்பூர்த் தமிழரின் முன்னோர் ஓரூரிலிருந்து வந்தவர்கள் அல்லர். தஞ்சை, இராமநாதபுரம், திருநெல்வேலி, கடையநல்லூர், தென்காசி, யாழ்ப்பாணம் என்று பல திக்கிலிருந்தும் கப்பலேறி வந்தார்கள். ஆகவே இருபது பிள்ளைகள் உள்ள ஒரு தமிழ் வகுப்பில், பாட்டிமார் வழியாக ஐந்து பெயர்களாவது கிடைக்கும். உலகில் எத்தனை வகுப்பறைகளுக்கு இந்த வாய்ப்பு உண்டு? தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பள்ளியில்கூட ஒரு வட்டாரத்துச் சொல்லே பெரும்பாலும் ஒலிக்கும். நம் வகுப்பில் தமிழகமும் ஈழமும் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. நாமோ சிவப்பு மையை எடுத்துக்கொண்டு, ஒன்றைத் தவிர மற்றவற்றை அடித்துக்கொண்டிருக்கிறோம்.

அடிபடுவது சொல் மட்டுமன்று. "பாட்டி சொன்ன சொல் தப்பாம், ஆசிரியர் சொன்னார்" என்று பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்கிறது. அன்றோடு பாட்டியின் தமிழ் அப்பிள்ளைக்குத் தாழ்ந்த தமிழாகிவிடுகிறது. பள்ளித் தமிழோ தேர்வுத் தமிழ். அதை யாரிடம் பேசுவது? எஞ்சுவது ஆங்கிலம்.

மிகைப்படுத்துகிறேன் என்று எண்ண வேண்டா. மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களுள், வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2010-இல் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5 விழுக்காடு. பத்தே ஆண்டில் இவ்வளவு சரிவு! இதற்குக் காரணங்கள் பல. விளக்குமாற்றின் மேல் விழுந்த சிவப்புச் சுழியால் தமிழ் அழிகிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் வீட்டுக்குள் மிஞ்சியிருக்கும் தமிழைப் பள்ளியே வெட்கப்பட வைத்தால், அந்த 2.5 எப்படி உயரும்?

2005-இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வகுப்பில் பேச்சுத்தமிழுக்கு இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. வீட்டிலும் வெளியிலும் பிள்ளை தமிழ் பேச வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்தப் பரிந்துரையை அன்று எதிர்த்தவர்களும் உண்டு, ஏற்றவர்களும் உண்டு. ஏற்றவர்கள் அதன் உட்கருத்தையும் ஏற்க வேண்டும். பேச்சு வேண்டும், ஆனால் பாட்டி பேசும் சொல் வேண்டா என்றால் அது என்ன பேச்சு?

நம் பக்கத்து வீட்டு மலாய்க்காரரைப் பாருங்கள். ஈர்க்குமாற்றை அவர்கள் 'சாப்பு லிடி' என்பார்கள். லிடி என்றால் ஓலையின் ஈர்க்கு. ஒற்றை ஈர்க்கு எளிதில் ஒடியும், கட்டாகச் சேர்ந்தால் ஒடியாது என்று அதையே ஒற்றுமைக்கு உவமையாக்கிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதே தென்னை, அதே ஈர்க்கு, அதே கட்டு. அவர்கள் கையில் அது ஒற்றுமைப் பாடம். நம் வாயில் அது வசை!

வசை எங்கிருந்து வந்தது?

"விளக்குமாறு பிய்ந்துவிடும்!" என்று திரைப்படத்தில் ஒருவர் அதட்டினால் அரங்கம் சிரிக்கிறது. தொலைக்காட்சித் தொடரில் மாமியார் மருமகளை நோக்கித் துடைப்பத்தை ஓங்குகிறார். கவனியுங்கள்: அங்கே 'துடைப்பக்கட்டை' என்பதும் வசைதான். அப்படியானால் வசைக்குப் பயன்படுகிறது என்ற காரணத்துக்காகத் துடைப்பத்தையும் பாடநூலிலிருந்து நீக்க வேண்டுமே? ஏன் நீக்கவில்லை? ஒரே குற்றத்துக்கு ஒன்றுக்குத் தண்டனை, மற்றொன்றுக்குப் பரிசா?

செருப்பாலும் விளக்குமாற்றாலும் அடிப்பேன் என்பது ஏன் மற்ற அடிகளைவிடப் பெரிய இழிவாகக் கருதப்படுகிறது? வலி மிகுதி என்பதாலா? இல்லை. கைத்தடியால் அடித்தால்தான் வலி மிகுதி. செருப்பைத் தைப்பவரையும் தெருவைக் கூட்டுபவரையும் சாதியின் பெயரால் தாழ்த்தி வைத்திருந்த சமுதாயம் நம்முடையது. அவர்கள் கைப்பட்ட கருவி மேலே பட்டாலே இழிவு என்று எண்ணியது. வீட்டுக்குள் கூட்டும் வேலை பெண்ணின் தலையில் விழுந்தது. ஆகவே அது ஆண் தொடத் தகாத கருவியாயிற்று. விளக்குமாறு என்னும் வசைக்குள் ஒளிந்திருப்பவை இவை இரண்டும்தான். அச்சொல் அழுக்கானதன்று; அதன்மேல் நாம் கொட்டியதே அழுக்கு.

சான்று வேண்டுமா? கோயிலுக்குள் போங்கள். அங்கே இதே கருவிக்குத் 'திருவலகு' என்று பெயர். அலகு என்பது துடைப்பத்தைக் குறிக்கும் பழைய சொல். நம் பிள்ளைகளுக்குப் பாடநூலின் அலகு தெரியும். பறவையின் அலகு தெரியும். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் பக்தர்கள் குத்திக்கொள்ளும் அலகும் தெரியும். கூட்டுகிற அலகு மட்டும் தெரியாது. திருநாவுக்கரசரின் தமக்கையார் திலகவதியார் திருவதிகைக் கோயிலில் நாள்தோறும் திருவலகு எடுத்துக் கூட்டி, மெழுகி, மலர் தொடுத்துத் தொண்டு செய்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. திருநாவுக்கரசர் கையில் இருந்தது புல் செதுக்கும் உழவாரம். தூய்மைக் கருவியைக் கையில் ஏந்தியவரை நாம் கல்லில் வடித்துக் கும்பிடுகிறோம்.

கோயிலுக்குள் கூட்டினால் 'திரு'. கோயில் வாசலுக்கு வெளியே தெருவில் கூட்டினால் இழிவு. கருவி ஒன்று, வேலை ஒன்று, குப்பையும் ஒன்று. வேறுபட்டது நம் பார்வை மட்டுமே.

பார்வையை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு போவது நமக்குப் பழகிவிட்டது. தமிழ்நாட்டில் 2020-இல் 'துப்புரவுப் பணியாளர்' என்னும் பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றினார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் துப்புரவு என்பதற்கும் தூய்மை என்றுதானே பொருள்? அந்த அழகிய சொல்லும் நம் வாயில் பட்டுப் பட்டுத் தேய்ந்து தாழ்ந்துவிட்டதால் புதிய சொல் தேவைப்பட்டது. மதிப்பு மாறாவிட்டால், நாளை தூய்மையும் தாழும். மறுநாள் வேறொரு சொல்லைத் தேட வேண்டும். இப்படியே போனால் அகராதி காலியாகிவிடும்.

பழமொழிக்கு வருவோம். 'விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம்' என்பதை எப்படி விளக்குகிறோம்? "இழிந்த பொருளுக்கு உயர்ந்த அலங்காரம்" என்று பயிற்சி நூல்கள் பொருள் தருகின்றன. பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். ஏன் இழிந்த பொருள்? குஞ்சம் இல்லாமலும் விளக்குமாறு தன் வேலையைச் செய்யும். விளக்குமாறு இல்லாமல் குஞ்சம் என்ன செய்யும்? வேலைக்கு உதவாத அலங்காரத்தைத்தான் இப்பழமொழி எள்ளுகிறது என்று விளக்கினால் பொருளும் கெடாது, உழைப்பின் மதிப்பும் கெடாது. 'பொருந்தாத அலங்காரம்' என்று இரண்டே சொல்லில் எழுதிவிடலாம்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு சொல்

"ஒழுங்காகப் படிக்காவிட்டால் தெருக் கூட்டத்தான் போவாய்!"

இந்த வாக்கியத்தை எத்தனை வீடுகளில் கேட்கிறோம்! நூல்நிலையத்தில் கேட்கிறோம். தேக்கா ஈரச்சந்தையில் கேட்கிறோம். சில வேளைகளில், கூட்டிக்கொண்டிருக்கும் துப்புரவாளரைப் பிள்ளைக்குச் சுட்டிக்காட்டியே சொல்கிறார்கள். லிட்டில் இந்தியாவில் அது கொடுமையிலும் கொடுமை. கூட்டுபவருக்குத் தமிழ் தெரிந்திருக்கலாம். பிள்ளைக்கு அன்று இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன: அந்த மனிதர் தாழ்ந்தவர், தமிழ் என்பது மனிதரைத் தாழ்த்திப் பேச உதவும் மொழி.

அந்த வாக்கியத்தைச் சொல்லுமுன் நம் குடும்ப வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். இந்நகரின் தெருக்களைக் கூட்டியவர்கள், சாக்கடைகளைத் தூர்வாரியவர்கள், குப்பை அள்ளியவர்கள் யார்? நகராண்மைக் கழகக் காலம் தொட்டு அவர்களுள் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். 1967 பிப்ரவரியில் பொதுத் துப்புரவுத் தொழிலாளர்கள் 2,000-க்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தது இந்நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அவர்களுள் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். அந்தப் போராட்டத்தின் சரி பிழையை ஆராய்வது இங்கு நோக்கமன்று. விளக்குமாற்றைப் பிடித்திருந்த கைகள் யாருடையவை என்பதற்காகவே சொல்கிறேன். அதற்கு அடுத்த ஆண்டு, 1968 அக்டோபர் முதல் நாள், பிரதமர் லீ குவான் இயூ 'சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருப்போம்' இயக்கத்தைத் தொடங்கினார். உலகம் மெச்சும் தூய்மையான நகரம் என்று இன்று மார்தட்டிக்கொள்கிறோமே, அந்தப் பெயர் சுவரொட்டிகளால் மட்டும் வந்ததன்று. விடியுமுன் எழுந்து கூட்டியவர்களால் வந்தது.

தமிழுக்கும் அவர்கள் செய்ததுண்டு. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். பெருஞ்செல்வர்கள் மட்டும் அதற்குக் கொடுக்கவில்லை. அன்றாடக் கூலி பெற்ற உழைப்பாளிகள் ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தார்கள். ஒரு வெள்ளி அன்று அவர்களுக்குச் சிறு தொகையன்று. படிக்காதவர்கள் கொடுத்த வெள்ளியில் வளர்ந்த படிப்பை வைத்துக்கொண்டு, "படிக்காவிட்டால் அவர்களைப் போல ஆவாய்" என்று அச்சுறுத்துகிறோம். இதைவிட நன்றிகெட்ட வாக்கியம் வேறு உண்டா?

படிக்கச் சொல்லுங்கள்; தாராளமாகச் சொல்லுங்கள். மருத்துவராகலாம், பொறியாளராகலாம் என்று ஊக்கமூட்டுங்கள். ஓர் உழைப்பாளியைப் பூச்சாண்டியாக்கிக் காட்டாமலும் பிள்ளையைப் படிக்க வைக்கலாம்.

மறுப்புகளுக்கு மறுமொழி

இதைப் பேசும்போதெல்லாம் மூன்று மறுப்புகள் எழுகின்றன.

முதலாவது: "தேர்வுக்கு ஒரு தரம் வேண்டாவா? ஒவ்வொருவரும் ஊர்ச்சொல்லை எழுதினால் எப்படித் திருத்துவது?" தரம் வேண்டும். ஆனால் விளக்குமாறு ஓரூரின் சொல்லன்று. அகராதி ஏறிய, இலக்கணப்படி புணரும் எழுத்துத் தமிழ்ச்சொல். அதற்கு மதிப்பெண் குறைக்க எந்த விதியும் இல்லை. 'வெளக்கமாறு', 'தொடப்பம்' என்று பேச்சொலியில் எழுதினால் திருத்துங்கள், அது முறை. சீமாறு, வாரியல் போன்ற சொற்களை எழுதினால், "நல்ல சொல், பொதுவழக்கில் துடைப்பம் என்றும் கூறுவர்" என்று பச்சை மையில் எழுதுங்கள். தரமும் நிற்கும், பாட்டியும் நிற்பார்.

இரண்டாவது: "வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்." சிரிக்கட்டும். எந்த இடத்தில் சிரிக்கிறார்களோ அந்த இடத்தில்தான் ஆசிரியருக்கு வேலை இருக்கிறது. "ஏன் சிரித்தீர்கள்?" என்று கேளுங்கள். "அது திட்டும் சொல்" என்பார்கள். "கருவியைச் சொன்னால் ஏன் திட்டாகிறது?" என்று மேலும் கேளுங்கள். அந்த உரையாடலைவிடச் சிறந்த குடிமைக் கல்விப் பாடம் எந்த நூலில் இருக்கிறது?

மூன்றாவது: "இன்று யார் ஐயா விளக்குமாறு வைத்திருக்கிறார்கள்? தூசு உறிஞ்சும் இயந்திரம் வந்துவிட்டது; தானே ஓடிக் கூட்டும் எந்திரனும் வந்துவிட்டது; வீட்டில் பணிப்பெண் இருக்கிறார்." பலரும் முடிவான வாதம் என்று எண்ணுவது இதுவே. ஆனால் நாட்டின் நடப்பு வேறு. 2017-ஆம் ஆண்டு தொடக்கம் முதல், சிங்கப்பூரின் எல்லாப் பள்ளிகளிலும் மாணவர்கள் நாள்தோறும் தங்கள் வகுப்பறையையும் பள்ளியையும் தூய்மை செய்வதில் பங்கெடுக்க வேண்டும் என்று கல்வி அமைச்சு நடைமுறைப்படுத்தியது. சப்பானியப் பள்ளிகளில் நெடுங்காலமாக உள்ள பழக்கம் இது. ஆக, பணிப்பெண் இருக்கும் வீட்டுப் பிள்ளையும் பள்ளியில் நாள்தோறும் விளக்குமாற்றைத் தொடுகிறது. கையில் பொருள் இருக்கிறது. வாயில்தான் தமிழ்ச்சொல் இல்லை!

மொழியாசிரியருக்கு இதைவிட வேறு என்ன வாய்ப்பு வேண்டும்? பொருளைக் காட்டிச் சொல்லைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று பயிற்சிப் பட்டறைகளில் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். பொருள் வகுப்பின் மூலையில் சாய்ந்து நிற்கிறது. நாமோ திரையில் படம் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

என்ன செய்யலாம்?

குறை மட்டும் கூறிவிட்டுப் போவது ஆசிரியருக்கு அழகன்று. ஆகவே சில செயல்கள்:

1. பாட்டி, தாத்தா, பெற்றோர் ஆகியோரிடம் கேட்டு, தூய்மைக் கருவிகளுக்குத் தங்கள் வீட்டில் வழங்கும் பெயர்களை எழுதி வருமாறு பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எந்த ஊர்ச்சொல் என்பதையும் கேட்டு வரட்டும். ஒரு வாரத்தில் வகுப்புச் சுவரில் ஒரு சிற்றகராதி உருவாகிவிடும்.

2. தமிழ்ப் பாடவேளை முடியும்போது ஐந்து நிமிடம் வகுப்பறையைத் தமிழிலேயே தூய்மை செய்யுங்கள். "நீ கூட்டு, நீ வாரு, நீ மேசையைத் துடை" என்று கட்டளை பிறக்கட்டும். கூட்டு, பெருக்கு, வாரு, துடை, மெழுகு, அலசு ஆகியவற்றின் வேறுபாடு கைக்குத் தெரிந்தால் மனப்பாடம் தேவைப்படாது.

3. ஆண்பிள்ளைகளையும் கூட்டச் சொல்லுங்கள். கட்டுரைப் படங்களில் எப்போதும் அம்மாவே துடைப்பம் பிடிப்பதாக வரைவதையும் நிறுத்துவோம். அப்பா கூட்டினால் வீடு இடிந்துவிடாது.

4. பெற்றோர்களே, உங்கள் வீவக அடுக்குமாடியின் கீழ்த்தளத்தைக் கூட்டுபவருக்கு வணக்கம் சொல்லப் பிள்ளையைப் பழக்குங்கள். தமிழராயின் தமிழில் பேசச் சொல்லுங்கள். வேற்று நாட்டவராயின் ஒரு புன்னகை போதும். உணவங்காடியில் தட்டை எடுத்து வைப்பது 2021 முதல் சட்டமாகிவிட்டது. நன்றி சொல்வதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டா.

5. வீட்டில் சினம் வந்தால் வேறு சொல்லால் திட்டுங்கள். முடிந்தால் திட்டாமலே இருங்கள்!

முடிவாக ஒன்று. ஆண்டுதோறும் ஏப்ரலில் தமிழ்மொழி விழா மேடைகளில் தமிழ் செம்மொழி, உயர்தனிச் செம்மொழி என்று முழங்குகிறோம். வேண்டியதுதான். ஆனால் மேடைக்கு மட்டும் பயன்படும் மொழி, குஞ்சம் மட்டும் உள்ள விளக்குமாறு. பார்க்க அழகு, வீடு கூட்ட உதவாது. வாசலிலும் அடுப்படியிலும் கழிவறையிலும் வழங்கும் சொற்கள் வாழ்ந்தால்தான் மேடையில் முழங்கும் சொற்களுக்கும் வாழ்வு. அச்சொற்களைத் தாழ்ந்தவை என்று ஒதுக்கினால், அவற்றைப் பேசியவர்களையும் அக்கருவியைப் பிடித்தவர்களையும் சேர்த்தே ஒதுக்குகிறோம்.

சிவப்பு மையை உண்மையான பிழைகளுக்காகச் சேமித்து வைப்போம். அதற்கு ஏட்டில் வேண்டிய அளவு வேலை இருக்கிறது.

சிந்திப்போம், செயல்படுவோம்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியர், சிங்கப்பூர்